எங்கள் வீட்டுப் பந்தியில் ஓர் ஆய்வு

முன்னுரை

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குச் சோதனைக் குழாயும் கண்ணாடிக் குடுவையும் வெள்ளை அங்கி அணிந்த அறிஞரும் நினைவுக்கு வருதல் இயல்பு. வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்துப் பயிலும் எனக்கும் அவ்வாறே. ஆயினும் நாம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் காய்ச்சுதல், வடித்தல், புளிக்கவைத்தல், அளத்தல் ஆகிய அனைத்தையும் நம் தாய்மார்கள் நாள்தோறும் அடுக்களையில் செய்து வருகிறார்கள் அன்றோ! அவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

சமையலைப் பற்றி எழுத முன்வந்தோர் பெரும்பாலும் எப்படிச் சமைப்பது என்பதையே எழுதினர். 1951ஆம் ஆண்டு எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். கைக்கணக்காகவும் கண்கணக்காகவும் இருந்த சமையலை அளவோடு எழுதிவைத்த அந்நூல் எத்தனையோ புதுமணப் பெண்களுக்குக் கைவிளக்காக விளங்கியது. ஆனால் நான் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. சமைத்த பண்டம் சட்டியிலிருந்து யார் யார் தட்டுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? இந்தக் கேள்வி எனக்குச் சும்மா எழவில்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

மிதிவண்டியும் மூச்சு வாங்குதலும்

எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி. பலாவும் முந்திரியும் கடலையும் விளையும். அங்கிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுக்கோட்டைக்கு வந்து பயில்கிறேன். வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற அப்பத்தா, பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் தம்பி, நான்.

என் அம்மாவுக்கு ஒரு பெருமை உண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்ததும், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி நாடறியச் செய்ததும் பலர் அறிந்த செய்தி. அந்தக் காலத்தில் பாவாடை கட்டிய சிறுமியாக இருந்து மிதிவண்டி ஏறியவர்களுள் என் அம்மாவும் ஒருவர். பின்னால் ஒரு தண்ணீர்க் குடம், முன்னால் கைப்பிள்ளையாக நான் என்று ஓட்டிச் சென்றதை அப்பத்தா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மா, சென்ற ஆண்டு முதல், கண்மாய்க் கரை மேட்டில் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். கேட்டால், "வயசாகுதுல்லத்தா" என்பார். பகலில் தலை சுற்றல், படி ஏறினால் படபடப்பு, நகம் வெளுத்துக் குழிந்திருத்தல் ஆகியவையும் இருந்தன. ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.8 கிராம். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. 8 கிராமுக்கும் கீழே போனால் அது கடுமையான சோகை.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "முருங்கைக் கீரை நிறையச் சாப்பிடுங்கம்மா" என்றார். அம்மா சிரித்துவிட்டார். சிரிக்க மாட்டாரா? எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பதே முருங்கை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதைப் பறித்து, ஆய்ந்து, பருப்புப் போட்டுப் பொரிப்பவர் அம்மாவேதான். கீரை வீட்டிலேயே இருக்கிறது, சமைப்பவரும் அவரே, சோகையும் அவருக்கே! இந்த முரண்தான் என்னைக் குறிப்பேட்டை எடுக்கச் செய்தது.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. நம் வகுப்பறையில் ஒரு பெஞ்சில் நால்வர் அமர்ந்தால் அவர்களுள் இருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளந்த முறை

பகலில் ஆளுக்கொரு இடத்தில் இருப்போம். அப்பா வயலில் சாப்பிடுவார். தம்பியும் நானும் தூக்குச்சட்டியில் கொண்டு போவோம். ஆகவே இரவு உணவை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதினான்கு இரவுகள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அளந்தால் நடப்பது மாறிப்போகும் அல்லவா? தம்பியின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் கோடு போட்டு, யாருக்கு எத்தனை அகப்பை, எத்தனை துண்டு என்று எழுதினேன்.

அளவுக்கு எங்கள் வீட்டுக் கீரைக் கரண்டியையே வைத்துக்கொண்டேன். ஆய்ந்தெடுத்த முருங்கை இலையைக் கடைத் தராசில் நிறுத்தபோது ஒரு வேளைக்குக் கால் கிலோ வந்தது. அது வெந்து பொரியலானதும் ஏறத்தாழப் பத்துக் கரண்டி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சேர்மான அட்டவணைப்படி நூறு கிராம் முருங்கை இலையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அந்தக் கணக்கில் ஒரு கரண்டிப் பொரியலில் ஏறக்குறைய 1.1 மில்லிகிராம் என்று கொள்ளலாம். இது நுட்பமான கணக்கு அன்று. ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான கணக்கு.

அந்த நிறுவனத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இன்று ஐதராபாத்தில் இருக்கும் அது, 1918இல் நம் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய அறையில் தொடங்கியது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறிற்று. பெரிபெரி என்பது, தவிடு முழுவதும் நீக்கித் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு வரும் நோய். ஜாவாத் தீவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டு இதன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். 1929இல் நோபல் பரிசும் பெற்றார். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால் தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடும். அதனால் புழுங்கல் அரிசி உண்போரை அந்நோய் அதிகம் அண்டவில்லை. எங்கள் அப்பத்தா அண்டாவில் நெல் அவித்து வாசலில் காயப்போட்ட தலைமுறை. எய்க்மன் பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் பச்சரிசிச் சோற்றைக் கண்டால், "இது நோயாளிச் சோறுத்தா" என்பார். நிற்க; பந்திக்கு வருவோம்.

கண்டவை

பதினான்கு இரவுகளில் ஐந்து இரவு கீரை. இரண்டு ஞாயிறு கறிக்குழம்பு. கண்மாயில் தண்ணீர் வற்றியதால் ஒரு நாள் அயிரை மீன். மற்ற நாள்களில் சாம்பாரும் இரசமும் கத்தரிக்காயும் வாழைக்காயும் மாறி மாறி வந்தன. அவற்றை இங்கே விடுகிறேன்.

ஐந்து இரவிலும் சேர்த்துக் கீரை 49 கரண்டி. அப்பாவுக்கு 14, தம்பிக்கு 14, எனக்கு 11, அப்பத்தாவுக்கு 7, அம்மாவுக்கு 3. அந்த மூன்றும் முழுக் கரண்டிகள் அல்ல. ஓர் இரவு ஒரு கரண்டி. மற்ற இரவுகளில் அரையும் காலுமாகச் சட்டியைச் சோறு போட்டு வழித்த அளவு. அந்த வழிக்கிற சோறுதான் ருசி என்று அம்மா சொல்வார். உண்மையில் ருசிதான், நானும் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

கறி, மீன் நாள்களில் துண்டுகளை எண்ணினேன். அம்மா தட்டில் விழுந்தவை மூன்று நாளும் சேர்த்து நான்கே. அதில் இரண்டு எலும்பு. ஈரல் துண்டு தம்பிக்கு, "பரிச்சைக்குப் படிக்கிற பிள்ளை" என்று. சுவரொட்டி ஒரு நாள் வாங்கி வந்தார்கள். இரத்தம் ஊற அதைச் சுட்டுத் தின்னவேண்டும் என்பது ஊரறிந்த வைத்தியம். இறைச்சியில் உள்ள இரும்பு, கீரை இரும்பைவிட எளிதில் உடலில் சேரும் என்பதால் அந்த வைத்தியத்தில் பொருளும் உண்டு. அம்மாவுக்கென்றே அப்பா வாங்கி வந்த அந்தச் சுவரொட்டியில் பாதி, "நீ ஒரு வாய் தின்னு, நீ ஒரு வாய் தின்னு" என்று எங்கள் மூவருக்கும் பங்காகிவிட்டது. பங்கிட்டவர் அம்மா.

இங்கே மிக முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். சோற்றையும் அளந்தேன். அம்மா உண்ட சோறு அப்பா உண்டதைவிடச் சற்றே குறைவு, என்னைவிட அதிகம். ஆக, அம்மா பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிறைந்தது. குழம்பின் மண்டியும் இரசமும் ஊற்றிச் சோறு நிறையவே உண்டார். ஆனால் நூறு கிராம் வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. யாராவது பசியோடு எழுந்தால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரும்பு இல்லாமல் எழுந்தால் யாருக்கும் தெரியாது, எழுந்தவருக்கே தெரியாது. இதனால்தான் இது இத்தனை வீடுகளில் இத்தனை நாள் ஒளிந்திருக்க முடிகிறது என்பது என் கருத்து.

மற்றொரு கணக்கையும் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும், பெண்ணுக்கு 29. மாதந்தோறும் இழக்கும் இரத்தத்தை ஈடுசெய்யவே இந்தக் கூடுதல். 29 வேண்டியவருக்கு மூன்று கரண்டி. 19 வேண்டியவருக்குப் பதினான்கு கரண்டி! கல்யாணப் பந்தியில் இப்படிப் பரிமாறினால் சம்பந்தி சண்டை வந்துவிடும்.

யார் குற்றம்?

எங்கள் வீட்டில் யாரும் அம்மாவுக்குக் குறைத்துக் கொடு என்று சொல்லவில்லை. அப்பா ஒரு நாளும் இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை; தட்டில் விழுவதை உண்டு எழுவார். பரிமாறும் வரிசைதான் அத்தனையும் செய்கிறது. முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், வயதானவர், கடைசியில் கரண்டி பிடித்தவர். கரண்டி பிடித்தவர், இன்னும் ஆள் இருக்கிறது என்று எண்ணி அளந்து போடுவதில்லை. எஞ்சியிருப்பது தமக்கு மட்டும் என்பதால் தாராளமாகவே போடுகிறார்.

அப்பத்தாவிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "எங்க மாமியா காலத்துல இன்னும் மோசம். அவுக சாப்பிட்ட வட்டில்லயே நான் சாப்பிடணும். ஆம்பளைக காட்டுக்குப் போறாக, வெயில்ல நிக்கிறாக, அவுகளுக்குத்தானே மொதல்ல போடணும்" என்றார். "அம்மாவும்தானே கடலை பறிக்கப் போறாக அப்பத்தா, அவுகளும் வெயில்லதானே நிக்கிறாக?" என்றேன். சற்று நேரம் பேசாமல் வெற்றிலையை மடித்தவர், "அது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

தாய்மையின் தியாகம் என்று பட்டிமன்றங்களில் பேசக் கேட்கிறோம், கைதட்டுகிறோம். கையிலுள்ள உணவை விட்டுக்கொடுத்தல் பஞ்ச காலத்தில் தியாகம்தான், மறுப்பார் இல்லை. ஆனால் கொல்லையில் முருங்கை தழைத்து நிற்க, இன்னும் ஒரு கை இலை பறித்தால் போதும் என்ற நிலையில் ஒருவர் சோகையோடு இருப்பதைத் தியாகம் என்று பாராட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அது கணக்குப் பிழை. பாராட்டினால் பிழை திருந்தாது.

தேநீரும் அன்னபேதியும்

பந்தியை மாற்றும் முன்பு மாத்திரையைச் சீராக்கவேண்டியிருந்தது. பத்து நாள் விழுங்கிய அம்மா, வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிட்டார். விழுங்கிய நாள்களிலும் காலைத் தேநீரோடு விழுங்கினார். இங்குதான் நான் படிக்கும் வேதியியல் கைகொடுத்தது.

இரும்புச்சத்து மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது ஃபெர்ரஸ் சல்ஃபேட். நம் நாட்டு மருந்துக் கடைகளில் அதற்கு அன்னபேதி என்று பெயர். சித்த மருத்துவத்தில் சோகைக்குத் தரும் அன்னபேதிச் செந்தூரம் இதிலிருந்து செய்வதே. இதே அன்னபேதியைக் கடுக்காய்ச் சாற்றோடு சேர்த்தால் கறுப்பு மை கிடைக்கும். பழங்காலக் கணக்கர்கள் அவ்வாறு மை கூட்டினார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்பைப் பிடித்துக் கட்டிக்கொள்வதால் வரும் கறுப்பு அது. தேயிலையிலும் அத்தகைய துவர்ப்பு உண்டு. அப்படிக் கட்டுண்ட இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது.

சொன்னால் கேட்கமாட்டார் என்று, ஒரு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, அதில் பால் சேர்க்காத தேயிலைச் சாற்றை ஊற்றிக் காட்டினேன். சிறிது நேரத்தில் தம்ளர் கறுத்தது. "அடி ஆத்தீ, மை மாதிரியில்ல ஆயிருச்சு!" என்றார். "வயித்துக்குள்ளயும் இதுதாம்மா நடக்குது" என்றேன். மறுநாள் முதல் தேநீர் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. மாத்திரையை இரவு உணவுக்குப் பின் விழுங்கலாமா என்று மருத்துவரைக் கேட்டோம். சற்றுக் குறைவாகச் சேர்ந்தாலும் நிறுத்திவிடுவதைவிட அது மேல் என்றார். புரட்டலும் குறைந்தது.

துவர்ப்புக்கு எதிரி புளிப்பு. எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள சி உயிர்ச்சத்து, ஃபெர்ரிக் நிலையிலுள்ள இரும்பை ஃபெர்ரஸ் நிலைக்கு மாற்றி உடலில் சேர உதவுகிறது. காய்கறி உணவிலுள்ள இரும்பில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்குதான் உடலில் சேரும் என்று கணக்கிடுகிறார்கள். ஆகையால் எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எதனோடு தின்கிறோம் என்பதும் பொருட்டாகிறது. சூடு சி உயிர்ச்சத்தை அழிக்கும். எனவே எலுமிச்சையைக் கீரையோடு வேகவைக்கக் கூடாது. தட்டில் விழுந்தபின் பிழிந்துகொள்ளவேண்டும்.

இரும்புச் சட்டியைப் பற்றியும் கூறவேண்டும். அப்பத்தா வத்தக்குழம்பு வைக்கும் இரும்புச் சட்டி, எவர்சில்வரும் ஒட்டாத வாணலியும் வந்தபின் பரணுக்குப் போய்விட்டது. புளிக்குழம்பு இரும்புச் சட்டியில் கொதிக்கும்போது அமிலம் சட்டியிலிருந்து சிறிது இரும்பைக் கரைக்கும். அது குழம்போடு நமக்கு வரும். இரவு முழுதும் அதிலேயே விட்டால் குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும் என்பதால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடவேண்டும். பரணிலிருந்து அதை இறக்கித் துருவைத் தேங்காய் நாரால் தேய்த்து, எண்ணெய் தடவிப் பழக்கியவர் அப்பத்தாவே. அவர் கண்ணில் வெற்றிக் களை!

கொள்ளு இரசமும் கம்பங்கூழும் மீண்டும் வந்தன. நூறு கிராம் கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேலும், கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேலும் இரும்பு உண்டு. பழைய சோற்றைப் பற்றிச் செல்பேசியில் உலவும் செய்தி ஒன்றைத் தம்பி காட்டினான்: இரவு ஊறிய சோற்றில் இரும்பு இருபது மடங்கு பெருகுமாம்! பழைய சோறு எனக்கும் விருப்பம்தான். சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு உண்ண அதற்கு ஈடில்லை. புளிக்கும்போது, இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைந்து, இருக்கிற இரும்பு எளிதில் சேரலாம். ஆனால் இல்லாத இரும்பு தண்ணீரில் முளைக்காது. தனிமங்கள் அப்படிப் பெருகுமானால் வேதியியல் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிடலாம்.

இன்னொன்று ரேஷன் அரிசி. 2021 ஆகஸ்டு 15 அன்று பிரதமர் சுதந்திர தின உரையில், பொது விநியோக அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்துத் தருவது பற்றி அறிவித்தார். அதன்பின் அத்தகைய அரிசி மணிகள் கலந்து வந்தபோது, நிறம் சற்று மாறி, களையும்போது மிதந்ததால், பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லி எங்கள் தெருவில் பலர் பொறுக்கி எறிந்தார்கள். கோழி தின்றது. இரத்தசோகை இல்லாத கோழிகள் எங்கள் தெருவில் அன்று இருந்தன என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு சீட்டில் நான்கு வரி எழுதிக் கடையில் ஒட்டியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

பந்தி மாற்றம்

குறிப்பேட்டை ஒரு ஞாயிறு மதியம் எல்லார் முன்னும் படித்துக் காட்டினேன். கீரைக் கணக்கு வந்ததும் தம்பி சிரித்தான். சுவரொட்டிக் கணக்கு வந்ததும் நிறுத்தினான். அப்பா நோட்டை வாங்கி, தம் பெயருக்கு நேரே இருந்த 14ஐயும் அம்மா பெயருக்கு நேரே இருந்த 3ஐயும் பார்த்தார். "இத்தனை நாளா இப்படியா?" என்று அம்மாவைக் கேட்டார். "அவ எழுதுறா, நீங்க படிக்கிறீக. வேற வேலை இல்லையா" என்று அம்மா எழுந்து போய்விட்டார். போனவர் அடுக்களையில் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று இரவு முதல் சட்டிகளை நடுவில் வைத்து ஐந்து பேரும் வட்டமாக உட்காருவது என்று முடிவாயிற்று. எதிர்ப்பு அம்மாவிடமிருந்தே வந்தது. "நானும் உக்காந்துட்டா யாரு போடுறது? ஒருத்தருக்குக் கொழம்பு வேணும், ஒருத்தருக்குத் தண்ணி வேணும்." அவரவர் போட்டுக்கொள்வது என்றோம். முதல் வாரம் அப்பா தமக்குத் தாமே குழம்பு ஊற்றிக்கொண்டதில் பாய் மூன்று முறை கழுவப்பட்டது. தோசை நாள்தான் பெருஞ்சிக்கல். சோறு என்றால் சட்டியோடு நடுவில் வைக்கலாம். தோசையை ஒருவர் நின்று வார்த்தே ஆகவேண்டும். அதற்கு முறை போட்டோம். தம்பி வார்க்கும் நாளில் தோசை இலங்கைப் படம் போல் வரும். ஆனாலும் வார்க்கிறான்.

கீரையை மட்டும் முதலில் ஐந்து பங்காகப் பிரித்துத் தட்டில் வைத்துவிடுவது என் யோசனை. அம்மா தம் பங்கிலிருந்து தம்பிக்கு எடுத்துப் போட முயன்றால் அப்பத்தா கையைத் தட்டிவிடுவார். இது நான் எதிர்பாராதது. மாமியாரின் அதட்டல் இப்படி மருந்தாவதை நம் சிறுகதை எழுத்தாளர்கள் கவனிக்கலாம்.

அத்துடன் வேறு சிலவும் செய்தோம். செம்மண் வயலில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதத் தோல் வழியே உள்ளே புகுந்து குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும். மருத்துவர் குடற்புழு மாத்திரை கொடுத்தார்; அப்பா அம்மாவுக்கு ரப்பர்ச் செருப்பு வாங்கி வந்தார். வரப்பில் வழுக்குகிறது என்று அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவதாகத் தகவல்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தம் பார்த்தோம். 10.9 கிராம். இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, கீரையின் பங்கு எவ்வளவு, புழு போனதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினோம். இத்தகைய ஏற்றத்தில் பெரும்பங்கு மாத்திரைக்கே உரியது என்று மருத்துவர் சொன்னார். நான் அதை ஏற்கிறேன். ஆனால் மாத்திரை ஆறு மாதத்தில் நின்றுவிடும். பந்தி நாள்தோறும் நடக்கும். இரும்பு ஏறியபின் அது இறங்காமல் காப்பது பந்தியின் வேலை. அதை அடுத்த ஆண்டுப் பரிசோதனைதான் சொல்லவேண்டும்.

குறிப்பேட்டை இப்போது அம்மாவே எழுதுகிறார். அறிவொளியில் பழகிய, சற்றுச் சாய்ந்த, உருண்டையான எழுத்து. திருச்சி வானொலியில் கேட்ட சமையல் குறிப்புகளையும் அதிலேயே இடையிடையே எழுதுகிறார். சென்ற வாரத்துப் பக்கத்தில் கீரைக் கணக்கு ஐவருக்கும் சமம். தோசைக் கணக்கில் தம்பிக்கு இரண்டு கூடுதல்; 'வளர்கிற பிள்ளை' என்று ஓரத்தில் குறிப்பு.

கொல்லையில் நிற்கும் முருங்கை, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் பழைய மரம் முறிந்து விழுந்தபின், அதன் போத்தை ஊன்றி அப்பா வளர்த்தது. ஐந்து பேருக்கும் சமமாக என்றால் கால் கிலோ இலை போதவில்லை. இப்போது ஏறத்தாழ நானூறு கிராம் பறிக்கிறோம். ஒரு மரம் தாங்காது என்று அப்பா சொல்கிறார். ஆடிக் காற்றுக்கு முன் கிளை கழிக்கும்போது இரண்டு போத்தைக் கிணற்றடியில் ஊன்றப்போகிறார். எதிர்வீட்டு அத்தையும் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்கும் சென்ற முகாமில் 9 கிராம்தான்.